இடுப்பு வலிக்குச் சரித்திரம் உண்டா?

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கும் ஐயங்கார்குளம் என்னும் கிராமத்தின் பழங்கதையை எழுதப் புகுகிறவனுக்கு ஆதாரங்களுக்குப் பஞ்சமில்லை. விஜயநகரத்து இரண்டாம் வேங்கடபதி ராயனுக்கு ராஜகுருவாக விளங்கியவரும், எண்ணற்ற பெண்களுக்கு விவாகம் செய்துவைத்ததனால் 'கோடி கன்யாதானம்' என்ற விருதைத் தம் பெயருக்கு முன்னே சுமந்தவருமான லக்ஷ்மீகுமார தாதாசாரியார் வெட்டுவித்த பெரிய குளம், தாதசமுத்திரம் என்ற பெயரோடு இன்றும் அங்கே இருக்கிறது. அதன் கரையில் உள்ள சஞ்சீவிராயர் கோயிலின் சுவரில், அவர் அனுமனைத் துதித்து இயற்றிய ஹனுமத் விம்சதி கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. சற்றுத் தள்ளி நடவாவி என்னும் படிக்கிணறு இருக்கிறது. சித்திரா பௌர்ணமியை ஒட்டி அதன் தண்ணீரை இறைத்துவிட, காஞ்சி வரதராஜப் பெருமாள் ஊர்வலமாக எழுந்தருளி, கல்படிகளின் வழியே பூமிக்கு அடியில் உள்ள தூண் மண்டபத்துக்கு இறங்கி, அங்கே வலம் வந்து தரிசனம் தருகிறார். குளம், கோயில், கிணறு, உற்சவம் என்று எல்லாவற்றுக்கும் கல்லும் எழுத்தும் சாட்சி சொல்லுகின்றன.

ஆனால் தாதாசாரியார் தானம் செய்துகொடுத்த அந்தக் கன்னியர் புக்ககம் போய், வாயும் வயிறுமாகி, ஆறாம் மாசத்திலோ ஏழாம் மாசத்திலோ ஒருநாள் படியேறக் காலைத் தூக்குகையில் தொடை இடுக்கில் சுரீரென்று பிடித்துக்கொண்டு, சுவரைப் பற்றியபடி நின்றிருப்பார்களே, அதற்கு எந்தக் கல்லிலும் எழுத்தில்லை. பக்கத்து உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைச் சாசனங்கள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பொன் வாரியத்துக்கும் யார் யார் உறுப்பினராகலாம், எத்தனை வயசு, எவ்வளவு நிலம், எது தகுதி, எது தகுதிக்கேடு என்று நுணுக்கமாக வரையறுக்கின்றன. ஏரிக் கரையில் விழுந்த உடைப்பைப் பற்றிக் கவலைப்படுவதற்கு ஒரு வாரியம் வைத்திருந்த ஊரில், நாற்று நட்டுவிட்டு நிமிர முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டவளின் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவள் மருத்துவச்சி ஒருத்திதான். அவளோ எழுதிவைக்கிற வழக்கம் உள்ளவளல்லள். ஆகவே கர்ப்பிணியின் இடுப்பு வலிக்கும் அதைத் தணிக்கிற அப்பியாசத்துக்கும் சரித்திரம் எழுத விரும்புகிறவன், சாசனங்களை விட்டுவிட்டு வேறு இடங்களில் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் வலி எங்கே பிறக்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இடுப்புக்கூடு பார்வைக்கு ஒரே கிண்ணமாகத் தோன்றினாலும், அது மூன்று இடங்களில் ஒட்டுப்போட்ட பாத்திரமே. முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்போடு இரண்டு பக்கத்து எலும்புகளும் பின்னால் இரு மூட்டுக்களில் சேருகின்றன. முன்னால், அடிவயிற்றுக்குக் கீழே, அவை இரண்டும் குருத்தெலும்பினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சாதாரண காலத்தில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமே உள்ள அந்த முன்னொட்டு, கர்ப்ப காலத்தில் பந்தகங்கள் இளகுவதனால் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரிகிறது. பெரும்பாலோருக்கு இதனால் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. ஆனால் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருத்திக்கு இந்த மூன்று ஒட்டுக்களில் ஏதாவது ஒன்றிலோ எல்லாவற்றிலுமோ வலி காண்கிறது என்று, 2008-ஆம் ஆண்டில் ஐரோப்பிய நிபுணர்கள் வகுத்த வழிகாட்டி நூல் கணக்கிடுகிறது. ஒற்றைக்காலில் நிற்பது, படியேறுவது, படுக்கையில் புரளுவது, வண்டியில் காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது ஆகிய இவைதான் அந்த வலியைக் கிளப்பிவிடுகிற காரியங்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பிள்ளைக்கும் கெடுதல் இல்லை. அதனாலேயே அதைப் பொருட்படுத்தவும் ஆளில்லாமல் போயிற்று.

நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால், "பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு வலிக்காம பின்ன யாருக்கு வலிக்கும்?" என்று ஒரே வாக்கியத்தில் வியாச்சியத்தை முடித்துவிடுவார்கள். அவர்களுக்கு வலியைப் பற்றிய அறிவு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது, ஆனால் அது முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வளர்ந்த அறிவு. வந்திருப்பது சூட்டு வலியா, பிரசவ வலியா? சீரகத்தைக் கஷாயம் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். தணிந்தால் சூட்டு வலி, மேலும் மேலும் அழுத்தினால் நேரம் வந்துவிட்டது என்று வெந்நீர் அடுப்பை மூட்டுவார்கள். பிள்ளையின் வருகையை அறிவிக்கிற வலிக்குத்தான் மரியாதை. மூன்று மாசமாக இராத்திரிதோறும் புரண்டு படுக்க விடாமல் குத்துகிற வலி எதையும் அறிவிப்பதில்லை. ஆகவே அதற்கு விளக்கெண்ணெய்த் தடவலும் இடுப்புக்கு ஊற்றுகிற வெந்நீரும் போதும் என்று விட்டார்கள். வெந்நீர் நல்ல வைத்தியந்தான். அதற்குமேல் ஒருவரும் விசாரித்ததில்லை என்பதே என் குறை.

சாஸ்திரங்கள் என்ன சொல்லின என்று பார்த்தால், அங்கே நமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சுசுருத சம்ஹிதையின் சாரீர ஸ்தானம், கர்ப்பம் தரித்தது தெரிந்த நாள்முதல் ஸ்திரீ விலக்க வேண்டியவற்றை அடுக்குகையில், பகல் தூக்கம், இராக் கண்விழிப்பு, துக்கம், பயம், வாகனம் ஏறுதல் ஆகியவற்றோடு தேகாப்பியாசத்தையும், குத்துக்காலிட்டு உட்காருவதையும் சேர்த்துவிடுகிறது. சரக சம்ஹிதையோ இடுப்பின் இளக்கத்தைத் தைலத்தினால் பெறவே வழி சொல்லுகிறது. ஒன்பதாம் மாசத்தில் மதுர திரவியங்களிட்டுக் காய்ச்சிய எண்ணெயை வஸ்தியாகச் செலுத்தவும், எண்ணெயில் தோய்த்த பஞ்சை வைக்கவும் அது விதிக்கிறது. மாதந்தோறும் விதித்த முறைகளைக் கைக்கொண்டவளுக்குக் கடி, குக்ஷி, பார்சுவம், பிருஷ்டம் ஆகிய அவயவங்கள் மிருதுவாகின்றன என்றும் பலன் கூறுகிறது. இடுப்பைப் பற்றிய அக்கறை இருக்கிறது. அசைவைப் பற்றித்தான் பயம்.

சரகத்தில் இன்னொரு இடம் உண்டு. அதை நான் பலமுறை படித்து ரசித்திருக்கிறேன். பிரசவ வேதனை தொடங்கியும் பிள்ளை பிறக்கத் தாமதமாகும்போது, 'எழுந்திரு, உலக்கையை எடு, இந்த உரலிலே இருக்கிற தானியத்தைக் குத்து, இடையிடையே கொட்டாவி விடு, நட' என்று சொல்ல வேண்டும் எனச் சிலர் அபிப்பிராயப்படுகிறார்கள் என்று நூல் எடுத்துச் சொல்லி, உடனே அந்நூலின் உபதேசகரான பகவான் ஆத்ரேயர் அதை மறுப்பதாகத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. கடுமையான அப்பியாசம் கர்ப்பிணிக்கு எப்போதுமே ஆகாது. பிரசவ சமயத்திலோ அவள் தாதுக்களும் தோஷங்களும் நிலைபெயர்ந்திருக்க, உலக்கையினால் கிளம்புகிற வாயு அந்த சுகுமாரியின் உயிருக்கே அபாயமாகலாம் என்பது காரணம். கொட்டாவியையும் நடையையும் மட்டும் அவர் அனுமதிக்கிறார். மறுக்கப்பட்ட அந்தச் 'சிலர்' யார் என்று நூல் பெயர் சொல்லவில்லை. ரிஷிகளின் அபிப்பிராய பேதங்களைப் பெயரோடு பதிவு செய்கிற நூல், இவர்களை மட்டும் பெயரில்லாமல் விட்டிருப்பதனால், அவர்கள் பிரசவ அறைக்குள்ளேயே இருந்த கிழவிகளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உலக்கையைக் கையில் கொடுக்கிற யோசனை அரண்மனை வைத்தியருக்கு வருமா? நெல் குத்துகிறவளுக்குத்தான் வரும்.

சாஸ்திரத்து வைத்தியம் நம் பக்கத்தில் எந்த அளவுக்கு வேரூன்றியிருந்தது என்பதற்குத் திருமுக்கூடல் சாசனத்தைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில், பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 11-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெட்டப்பட்ட அந்த நீண்ட சாசனம், வேதபாடசாலை ஒன்றையும் அதை ஒட்டி 15 படுக்கைகள் கொண்ட 'வீரசோழன்' என்னும் ஆதுலசாலையையும் பற்றிப் பேசுகிறது. வைத்தியம் பார்க்கக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன், சத்திர சிகிச்சை செய்ய ஒருவன், மூலிகை கொணர்ந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனித்து மருந்து புகட்டப் பெண்கள் இருவர், ஒரு நாவிதன், தண்ணீர் கொணர ஓர் ஆள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுள்ளே பலகேரண்ட தைலம் என்றும் லசுனாதி ஏரண்ட தைலம் என்றும் காணப்படுகிறவை, ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டவை. வாயுவையும் பிடிப்பையும் தணிக்க ஆயுர்வேதிகள் எடுக்கிற வகை. ஐயங்கார்குளத்து மருத்துவச்சி பின்னாளில் இடுப்பில் தடவிய விளக்கெண்ணெய்க்கு இவை நெருங்கிய உறவு. ஆனால் அந்த 15 படுக்கைகளும் பாடசாலை மாணாக்கருக்கும் கோயில் ஊழியருக்கும் ஏற்பட்டவை. மருந்து புகட்டிய அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி கர்ப்பமுற்றால் அவள் போய்ப் படுக்க வேண்டிய இடம் அவளுடைய வீட்டுத் திண்ணைக்கு உட்புறமேயாகும்.

ஆகவே சாஸ்திரம் அசையாதே என்றது. ஊர் அசைந்துகொண்டே இரு என்றது. 'குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சாத்தான் சுகப்பிரசவம் ஆகும்' என்பது தமிழ்நாட்டில் எந்த மாமியாரும் எந்த நாளும் சொல்லத் தவறாத வசனம். விடியற்காலையில் சாணம் தெளித்துப் பெருக்கி, முழங்காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து கோலம் போடுவது முதல் அப்பியாசம், பிறகு அம்மி. அம்மி அரைக்கிறவளைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரைப்பது கையன்று. குழவியைப் பிடித்த இரண்டு கைகளும் நீட்டி விறைத்திருக்க, உட்கார்ந்த இடத்திலிருந்து இடுப்புத்தான் முன்னும் பின்னும் ஆடுகிறது. மிளகாயும் மல்லியும் நசுங்குகிற ஓசைக்கு அதுவே தாளம். இந்த அசைவில் ஒரு சமநிலை இருக்கிறது. ஆட்டுக்கல்லில் அது இல்லை. ஒரு காலை மடக்கி, மற்றொரு காலைக் கல்லின் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, வலக்கையால் குழவியைச் சுற்ற, இடக்கையால் மாவைத் தள்ளிவிடுகிறவளின் உடம்பு அரைமணி நேரமும் ஒரே பக்கமாகத் திருகிக்கொண்டிருக்கிறது. கல்லுரலில் நெல் குத்துவதோ வேறு. நின்றபடி உலக்கையை மாற்றி மாற்றிப் போடுகையில் தோளும் வயிறும் இடுப்பும் ஒரே மூச்சில் இழுபடுகின்றன. தாதசமுத்திரத்தின் பாய்ச்சலில் நாற்று நடுகிறவர்கள் பின்னோக்கி நடந்தவாறே நாள் முழுவதும் குனிந்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் இன்று சிலர் 'நம் முன்னோர் கண்ட யோகப் பயிற்சி' என்று வருணிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒன்பதாம் மாசத்திலும் சேற்றில் நின்றவள் யோகம் செய்யவில்லை, கூலிக்கு நின்றாள். அன்றைய நடவுக்குப் போகாவிட்டால் அன்றைய அரிசி இல்லை. அப்பியாசத்துக்கும் உழைப்புக்கும் உள்ள வித்தியாசம் அசைவில் இல்லை; வலித்தால் நிறுத்திக்கொள்ளலாமா என்பதில் இருக்கிறது. அக்ரஹாரத்து மருமகளும் இந்த விஷயத்தில் சுதந்திரமானவளல்லள். அவள் மடியாக ஆட்டுக்கல் முன்னே உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டிய நேரத்தை நிர்ணயிப்பவர் வேறொருவர். இருந்தாலும், குனிந்து நிமிர்ந்த உடம்பில் தொடையும் பிட்டமும் அடிவயிறும் வலுவேறியிருந்தன என்பதையும், அந்த வலு இளகிய மூட்டுக்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள உதவியிருக்கும் என்பதையும் நான் மறுக்கவில்லை.

சென்னையில் 1844-இல் ஏற்பட்ட பிரசவ ஆஸ்பத்திரி, பின்னால் எழும்பூருக்கு மாறி, நாடறிந்த ஸ்தாபனமாயிற்று. 1854 முதல் அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சியும் தொடங்கியது. ஆனால் அந்தக் காலத்து டாக்டர்களின் கவலை முழுவதும் மரணத்தைப் பற்றியது. சூதிகா ஜ்வரத்தினால் தாய்மார்கள் மடிந்துகொண்டிருக்கையில், இடுப்பு வலிக்குத் தனியே பயிற்சி வகுப்பு நடத்தவில்லை என்று அவர்களைக் குறைசொல்வது அநியாயம். சென்னையில் தாய்மார் சாவதற்கான காரணங்களை ஆராய்ந்தவரும், பின்னாளில் 27 ஆண்டுகள் சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவருமான டாக்டர் லக்ஷ்மணசுவாமி முதலியார் போன்றவர்கள் எடுத்துக்கொண்ட வேலை வேறு. முதலில் உயிர், பிறகுதான் சுகம்.

வலியைப் பற்றியும் அசைவைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கியவர், நம் நாட்டின் மறுகோடியில் வேலை பார்த்த ஓர் ஆங்கிலப் பெண் டாக்டர். காத்லீன் வாகன் என்ற அந்த அம்மையார் காஷ்மீரத்து ஸ்ரீநகரில் ஸ்திரீகளின் ஆஸ்பத்திரி ஒன்றைக் கவனித்துவந்தார். கோஷாவில் வெயிலே படாமல் வளர்ந்த செல்வர் வீட்டுப் பெண்களுக்கு எலும்பு இளகும் நோய் கண்டு, இடுப்புக்கூடு நசுங்கி, பிரசவம் யமகண்டமாகிவிடுவதையும், ஏரியில் படகு வலித்துக் குத்துக்காலிட்டு வாழ்கிற ஹாஞ்சிப் பெண்கள் எளிதாகப் பிள்ளை பெற்றுவிட்டு எழுந்து போவதையும் அவர் ஒருங்கே கண்டார். 1928-இல் பர்தா வழக்கத்தினால் தாய்மைக்கு நேரும் கேட்டைப் பற்றியும், 1937-இல் சுகப்பிரசவத்தைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள், வட்டமான இடுப்பு வாய், நெகிழ்ச்சியுள்ள மூட்டுக்கள், இயற்கையான உட்காரும் நிலை ஆகிய மூன்றையும் அடிப்படையாகக் கொண்டவை. இங்கிலாந்துப் பெண்களுக்கு அவர் குத்துக்காலிட்டு உட்காரவும், சம்மணமிடவும், இடுப்பை ஆட்டவும் கற்றுக்கொடுக்கச் சொன்னார். நாற்காலியில் வளர்ந்தவர்களுக்குச் சம்மணம் ஒரு பாடமாயிற்று! நம்மவர் இலை போட்டால் தானாகவே போடுகிற சம்மணத்தை, அங்கே தையற்காரர் ஆசனம் என்று பெயரிட்டுக் கணக்குப் பார்த்துப் பழகினார்கள். வாகனின் கண்ணோட்டத்தில் ஒரு குறை உண்டு. படகுக்காரியின் சுகப்பிரசவத்தைக் கண்ட அளவுக்கு அவளுடைய முதுகு நோவை அவர் கண்டதாகத் தெரியவில்லை. வெயில் இல்லாமையின் கேட்டை உழைப்பு இல்லாமையின் கேடாகவும் சில இடங்களில் கருதிவிட்டார். ஆனாலும் இந்திய ஸ்திரீகளின் உடம்பைப் பார்த்து மேனாட்டார் பாடம் படித்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

லண்டனில் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் மின்னி ராண்டெல் என்ற அம்மையார் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். தாதியும் மருத்துவச்சியும் அங்கமர்த்தனம் கற்றவருமான அவரிடம், 1912-இல் டாக்டர் ஃபேர்பேர்ன் பிரசவமான தாய்மார்களுக்குத் தேகப் பயிற்சி வகுத்துக் கொடுக்கச் சொல்ல, அதுவே பிறகு கர்ப்பிணிகளின் பயிற்சியாகவும் விரிந்தது. மார்கரெட் மாரிஸ் என்ற நாட்டியக்காரியின் அசைவுகளையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1939-இல் வெளிவந்த தம் நூலுக்குத் தாயின் நோக்கிலிருந்து எழுதியது என்று துணைத்தலைப்புக் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது வரையில் பிரசவ நூல்களெல்லாம் வைத்தியரின் நாற்காலியிலிருந்து எழுதப்பட்டவையே.

தமிழ்நாட்டில் இந்த விஷயம் யோகாசனத்தின் உடையில் வந்தது. மைசூரில் பல ஆண்டுகள் யோகம் கற்பித்துவிட்டு 1950-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து குடியேறிய திருமலை கிருஷ்ணமாசாரியார், ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர் நாதமுனிகளின் வமிசத்தில் வந்தவர். நாதமுனிகள் அருளியது என்று அவர் உபதேசித்த 'யோக ரஹஸ்யம்' ஸ்திரீகளுக்கும், சிறப்பாகக் கர்ப்பிணிகளுக்கும் யோகம் அவசியம் என்று வற்புறுத்துகிறது. அது கிருஷ்ணமாசாரியாரின் வாய்மொழியாகவே நமக்குக் கிடைத்த நூல் என்பதால் நாதமுனிகளின் காலத்துக்கு அதை ஆதாரமாகக் காட்ட நான் துணியமாட்டேன். ஆனால் சுசுருதர் கர்ப்பிணிக்கு அப்பியாசம் கூடாது என்று எழுதியதை மனப்பாடமாக அறிந்த ஒரு வைதிக பண்டிதர், 20-ஆம் நூற்றாண்டில் கர்ப்பிணிக்கு அப்பியாசத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அவருடைய மைத்துனரும் மாணாக்கருமான பி. கே. எஸ். ஐயங்கார் 1966-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட யோக நூலில், உள்ளங்கால்களைச் சேர்த்து முழங்கால்களைத் தரையை நோக்கி விரிக்கும் பத்த கோணாசனத்தில் தினமும் சில நிமிஷம் உட்காருகிற கர்ப்பிணிக்குப் பிரசவ வேதனை குறையும் என்கிறார். செருப்புத் தைப்பவர்கள் உட்காருகிற நிலை அது என்றும் சொல்லுகிறார். அதற்கு அவர் துணைக்கு அழைப்பது யாரை என்றால், அச்சமில்லாப் பிரசவத்தைப் பற்றி எழுதிய ஆங்கில டாக்டர் கிராண்ட்லி டிக்-ரீடை! காஷ்மீரத்திலிருந்து லண்டனுக்குப் போன சம்மணம், லண்டனின் நற்சான்றோடு ஐயங்காரின் புனாவுக்குத் திரும்பி வந்தது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் வெகு தூரம் தள்ளியதும் ஆகாது.

இத்தனைக்கும் நடுவில், வலியைப் பற்றி நேராகக் கேட்டவர்கள் சிலரே. அமெரிக்காவில் ஸ்னெல்லிங் என்ற டாக்டர் 1870-இலேயே, கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுக்கள் தளர்ந்துபோவதனால் சில பெண்களுக்கு நடக்கவே முடியாமல் போகிறது என்பதைத் தெளிவாக எழுதினார். 1926-இல் ஹிஸா என்ற பிராணி சாஸ்திரி, சினையான கினிப்பன்றியின் இரத்த நீரைச் சினைப்படாத கினிப்பன்றிக்குச் செலுத்தி, அதன் இடுப்பொட்டு இளகுவதைக் கண்டார். ரிலாக்சின் என்ற சுரப்பு அதிலிருந்து வெளிப்பட்டது. எல்லா வலிக்கும் அதுவே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். பின்னால் நடந்த ஆராய்ச்சிகளில், சுரப்பின் அளவுக்கும் வலியின் அளவுக்கும் ஒழுங்கான சம்பந்தம் காணப்படவில்லை. மூட்டு எவ்வளவு இளகியிருக்கிறது என்பதைவிட, அதைச் சுற்றியுள்ள தசைகள் அதை எவ்வளவு நன்றாகப் பிடித்திருக்கின்றன என்பதே முக்கியம் என்ற அபிப்பிராயம் வலுத்தது.

அதை நிரூபிக்கிற ஒரு சோதனையை எந்த வீட்டிலும் பாயில் படுத்தபடியே பார்த்துவிடலாம். நீட்டிப் படுத்திருக்கிறவள் முழங்காலை மடக்காமல் ஒரு காலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கட்டும். இடுப்பு மூட்டு வலி உள்ளவளுக்குக் கால் கருங்கல்லாய்க் கனக்கும். சிலருக்கு எழும்பவே எழும்பாது. அப்போது மற்றொருத்தி அவளுடைய இடுப்பின் இரு பக்கத்து எலும்புகளையும் உள்ளங்கைகளால் நடுவை நோக்கி நெருக்கிப் பிடித்துக்கொண்டால், அதே கால் இலேசாகித் தூக்க வருகிறது. காலுக்குப் பலம் புதிதாக வந்துவிடவில்லை. அது ஊன்றித் தூக்க வேண்டிய அஸ்திவாரம் ஆடாமல் நின்றதுதான் காரணம். நெதர்லாந்தில் இதை முறைப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். இடுப்புக்குக் கட்டுகிற பட்டையின் தத்துவமும் இதுவே. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு வயிற்றைச் சுற்றிப் பழம்புடவையை இறுக்கிக் கட்டுகிறார்களே, அதைப் பிரசவத்துக்கு முன்னாலேயே, வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின் மட்டத்தில் கட்டுவதாக வைத்துக்கொள்ளலாம். அப்பியாசத்தின் வேலை, அந்தக் கைகளையும் பட்டையையும் தசைக்குள்ளேயே உண்டாக்கிக் கொடுப்பது.

ஆகையால் இன்று பிசியோதெரபி படித்தவர்கள் சொல்லித்தருகிற பயிற்சிகள் பார்வைக்கு மிகச் சிறியவையாக இருக்கின்றன. உலக்கைக்குப் பழகிய கண்களுக்கு அவை அப்பியாசமாகவே தோன்றா. மூச்சை விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் அடித்தசையை உள்ளிழுத்து, அதோடு அடிவயிற்றையும் மெல்ல முதுகுப் பக்கம் சேர்த்துக்கொண்டு, சில நொடி நிறுத்திவிடுவது ஒன்று. மணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவில் மடித்த துண்டை வைத்து இலேசாக நெருக்குவது ஒன்று. கையும் முழங்காலும் ஊன்றி, முதுகைப் பூனைபோல் வளைத்து நிமிர்த்துவது ஒன்று. இவற்றோடு பழக்கங்கள்: புரண்டு படுக்கும்போது இரண்டு முழங்கால்களையும் சேர்த்துக்கொண்டே புரள வேண்டும், ஒருக்களித்துப் படுக்கையில் கால்களுக்கு நடுவே தலையணை, சுரிதாரின் கால்சட்டையை நின்றுகொண்டு ஒற்றைக்காலில் போடாமல் கட்டிலில் உட்கார்ந்து போடுவது, படியில் ஒவ்வொரு படிக்கும் இரண்டு கால்களையும் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் இதற்குள் வீட்டை விட்டுப் போய்விட்டன. பட்டணத்து வீடுகளில் அவை முன்னமே மூலைக்குப் போயிருந்தன. 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கிய பிறகு கிராமத்து வீடுகளிலும் அம்மி வாசற்படியாயிற்று. அதற்காக நான் கண்ணீர் விடுவதில்லை. ஆனால் வேலைக்குள்ளேயே மறைந்திருந்த அசைவு வேலையோடு சேர்ந்து போய்விட்டதனால், இப்போது அதைத் தனியே பெயர் சொல்லி, தனியே நேரம் ஒதுக்கிச் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படித் தனியே பிரித்த பிறகுதான், எந்த அசைவு யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று கேட்கவும் இடம் ஏற்பட்டது.

அந்தக் கேள்வியில்தான் இன்றைய வீடுகளில் வழக்கு நடக்கிறது. தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண்ணைப் பாட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்து வீட்டைத் துடைக்கச் சொல்லுகிறாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட் முழங்காலை அகட்டவே கூடாது என்று சொல்லியனுப்பியிருக்கிறாள். பாட்டிக்கு ஊர் சாட்சி, வாகன் அம்மையார் சாட்சி, பத்த கோணாசனம் சாட்சி. மற்றவளுக்கு, தான் அறியாமலேயே, சுசுருதர் சாட்சி. வலியே இல்லாதவளுக்குப் பாட்டியின் யோசனையில் தவறொன்றும் இல்லை. வலி பின்பக்கம் பிட்டத்துக்கு மேலே இருக்கிறவள், உட்கார்ந்து பார்த்து, அன்றிரவு வலி கூடுகிறதா என்று கவனித்து முடிவு செய்யலாம். முன்னொட்டில், தொடை இடுக்கில் குத்துகிறவளோ கால்களை அகட்டுகிற எதையும், ஆசனமே ஆனாலும், பிரசவம் வரையில் ஒதுக்கிவைப்பது நல்லது. வீட்டுக் கழிப்பறை தரையோடு இருக்கிற பழைய மாதிரியானால், அந்தச் சில மாசங்களுக்கு அதன்மேல் வைக்கிற நாற்காலி ஒன்றை வாங்கிக் கொடுப்பது, வளைகாப்புக்கு வருகிற உறவினர் இன்னொரு வெள்ளித் தட்டு எடுப்பதைவிட உபயோகமான சீர் வரிசை.